ராகு காலம் பார்த்து எடுத்த டிக்கெட்

பாப்பா, தம்பி, நேற்று நீங்க ரெண்டு பேரும் டைரக்ட் ஃப்ளைட்டா, கனெக்டிங் ஃப்ளைட்டா என்று சண்டை போட்டபோது அப்பா வாயைத் திறக்கவில்லை. கோபம் இல்லை, வெட்கம். வாயால் சொல்ல வராததை எழுதிக் காட்டுகிறேன்.

பாப்பா அஞ்சாவது படித்த வருஷம். திருவாண்டார்கோயில் பக்கம் நான் வெல்டராக இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாசம் வேலை இல்லை. அப்புறம்தான் குவைத் விசா வந்தது. அதுவும் மெடிக்கல், பேப்பர் என்று இழுத்து, பாஸ்போர்ட் கைக்கு வந்ததே ஒரு வியாழக்கிழமை. மறுநாள் விசாவுக்குக் கடைசி நாள். அன்று ராத்திரிக்குள் குவைத்தில் இறங்கவில்லை என்றால் என் இடத்துக்கு வேறு ஆள்.

வில்லியனூரில் டிக்கெட் போடுகிற கடையில் ஒரு அம்மா ரெண்டு வழி காட்டினார். பகல் பதினொரு மணிக்கு சென்னையிலிருந்து நேரே குவைத். இல்லையென்றால் ஒன்பதரைக்குக் கிளம்பி, மஸ்கட்டில் இறங்கி, வேறு விமானம் ஏறுவது. "கடைசி நாளுங்கண்ணா, பேசாம டைரக்ட்ல போயிடுங்க" என்று எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். எட்டு மாசம் வீட்டில் உட்கார்ந்தவன் ராகு காலத்தில் கிளம்புவேனா?

உங்க அம்மா சிரித்தாள். "வூட்ட வுட்டு கிளம்பறதுக்குத்தான் நேரம் பாப்பாங்க. ஏரோப்ளேன் கிளம்பறதுக்குமா பாப்பாங்க?"

மஸ்கட் வழியே எடுத்தேன். சென்னையில் விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம். எந்த ராகு காலத்துக்குப் பயந்தேனோ, அதே ராகு காலத்தில்தான் மேலே ஏறியது. மஸ்கட்டில் இறங்கும்போது அடுத்த விமானத்துக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை.

கூட்டம் போன பக்கமே நானும் ஓடினேன். யாரோ பின்னாலிருந்து என் பையைப் பிடித்து இழுத்தார்கள்.

"இன்னாண்ணா, எங்க ஓடுற? அது வெளிய ஊருக்குள்ள போற வழி. குவைத்துக்கு மேல ஏறணும், வா!"

சென்னையில் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண். உங்க அம்மாவிடம் நான் போனில் புலம்பியதைக் கேட்டிருக்கிறார். பேச்சு அப்படியே நம்ம பக்கம். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறவர், லீவு முடிந்து திரும்புகிறார். அவர் முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன்.

மறுபடியும் சோதனை. என் இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணுக்கு மிஷின் கத்திவிட்டது. சென்னையில் சோதனை போட்டவர் தொட்டுப் பார்த்துச் சிரித்து விட்டுவிட்டார். இங்கே நான் அரைஞாண், அரைஞாண் என்று கத்தியும் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை. தனியாகக் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கச் சொன்னார்கள்.

"அரைஞாணா? போச்சு போ! அதைக் கழட்டி வெச்சிட்டு வரமாட்டியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவர் கத்தியது கேட்டது. நான் வெளியே வந்தபோது அவர் இல்லை. போகட்டும், அவர் பிழைப்பை அவர் பார்க்க வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு வாங்க ஓடினேன். விசா போய்விட்டது என்றே மனசில் முடிவு கட்டிவிட்டேன்.

கேட்டுக்கு வந்தால் அங்கே எல்லாரும் ஏறியாகிவிட்டது. அவர் மட்டும் கதவில் ஒரு கால் வைத்து நிற்கிறார். டிக்கெட்டைக் கொடுக்காமல் மடித்துக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். உள்ளே போ, இல்லாவிட்டால் உன்னையும் விட்டுவிட்டுக் கதவை மூடுவோம் என்று அங்கிருந்தவர் அதட்டுகிறார். இவர் அரபியில் பொரிந்து தள்ளுகிறார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் காட்டினார். அந்த ஆள் தலையில் அடித்துக்கொண்டு ரெண்டு பேரையும் உள்ளே விட்டார்.

"இன்னா சொன்னீங்க அவருகிட்ட?" என்று கேட்டேன்.

"கூடப் பொறந்த அண்ணன், வுட்டுட்டுப் போனா எங்கம்மா என்னைச் சேர்க்க மாட்டாங்கன்னு சொன்னேன்."

விமானத்துக்குள் போனதும் டிக்கெட்டை என்னிடம் நீட்டினார். "இதுல என் சீட்டு ஜன்னல் பக்கமா, நடுவுலயான்னு பாருண்ணா. எனக்குப் படிக்க வராது."

ஜன்னல் பக்கம்தான் என்று பார்த்துச் சொன்னேன். ஐ.டி.ஐ. முடித்தவன் நான். தலைக்கு மேலே அத்தனை போர்டு தொங்கியும் தப்பான வழியில் ஓடினேன். படிக்காதவர் கேட்டுக் கேட்டே வழி தெரிந்துவைத்து, என்னையும் கொண்டுவந்து சேர்த்தார். குவைத்தில் இறங்கியதும் அவர் வேலை செய்கிற வீட்டு டிரைவர் வந்து கூட்டிப் போய்விட்டார். பேர்கூட நான் கேட்கவில்லை.

நேரம் நெருக்கினால் நேரே போகிற விமானத்தில் போங்க, அதுதான் புத்தி. ஆனால் அன்றைக்கு எனக்கு நல்ல நேரம் என்று ஒன்று இருந்தது என்றால், அது அந்தப் பெண் கதவில் கால் வைத்து நின்ற நேரம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ரெண்டு வருஷம் கழித்து லீவில் வரும்போது கம்பெனி கொடுத்த டிக்கெட்டும் மஸ்கட் வழிதான். ஆற அமர நேரம் இருந்தது. வரிசையில் எல்லாரையும் முன்னால் விட்டு, கேட் ஓரமாகத் தனியாக நின்று, யாராவது ஓடி வருகிறார்களா என்று கடைசிவரை பார்த்தேன். யாரும் வரவில்லை. அப்புறம்தான் டிக்கெட்டை நீட்டினேன்.