பெண் பார்க்க வருகிறார்களென்று கழற்றிய பல் கம்பி

என் மகளின் தெத்துப்பல்லைச் சரிசெய்யக் கம்பி போட்டிருந்தோம். சிகிச்சை பாதியில் இருக்கும்போது, தொட்டியத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"கம்பியோட பாத்தா வேணாம்னுடுவாங்க, கழட்டிடுங்க" என்றார் தரகர். "பல்லு பழையபடி நகந்துடும்ங்க" என்று டாக்டர் தடுத்தும், நான் பிடிவாதமாகக் கழற்ற வைத்தேன்.

அவர்களோ ஆடி முடியட்டும், மார்கழி கழியட்டும் என்று இழுத்தடித்து, தை மாதம்தான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் பையனின் அம்மா சொன்னார்: "பொண்ணு லட்சணம்தான். பல்லுதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு." பையனோ கடைசிவரை வாயைத் திறக்கவேயில்லை. அவன் பல்லைப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது மறுபடி முதலிலிருந்து கம்பி. வலியில் மகள் ரசம் சாதம்தான் சாப்பிடுகிறாள். போன வாரம் தரகர் வேறொரு வரனோடு வந்தார்.

"அவ கம்பியோடதான் இருப்பா. பையனைச் சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.