அக்கா விதைத்த கோர்வைப்பூ

பூவை முழம் போட்டு அளக்கும் ஊரில், காம்பை அளந்து பூ வளர்த்தவர் எங்கள் அக்கா. இந்தக் கார்த்திகையோடு அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. விடியற்காலையில் கைபேசி ஒலித்தால் நான் இன்னும் எடுக்காமல் என் மகளிடம் நீட்டிவிடுகிறேன். ஆனாலும் கூடப் பிறந்தவன் எழுதுவதுதான் முறை என்று மாமா சொன்னதால் இந்த நினைவு மலருக்கு எழுதுகிறேன்.

அக்கா திருப்புட்குழியில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு, நான் சிறுவன். அம்மாவோடு களையெடுக்கப் போய்க்கொண்டே படிப்பை முடித்தார். என்னையும் கல்லூரி வரை கொண்டுவந்தார். வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் வேலை பார்த்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, எங்கள் ஊரிலேயே குடியிருந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் மகளைத்தான் ‘எம்பொண்ணு’ என்பார். பட்ட கஷ்டங்களை அவர் பேசியதே இல்லை. பேசியதெல்லாம் கேள்விகள். ‘பருப்பு வேவும்போது ஏன் நொரைக்குது? நாய் படுக்கறதுக்கு முன்னாடி ஏன் சுத்துது?’ நமக்குப் பதில் தெரியாவிட்டால் அவருக்கு மகிழ்ச்சி.

ஏனாத்தூரில் என் மகள் பட்டம் வாங்கிய நாளன்று யாரோ அவளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். பேருந்துக்குக் காத்திருந்தபோது அக்கா அதைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“அத்தே, பிச்சிடாதே!”

“இரும்மா. இந்தப் பூவுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நீட்டுக் காம்பு? தலையில வைக்கவும் ஆவாது, தொடுக்கவும் ஆவாது.”

“தண்ணில வைக்கறதுக்கு அத்தே. ஒரு வாரம் வாடாம இருக்கும்.”

“ஒரு வாரமா!” என்றார் அக்கா. அந்த ஐப்பசியிலேயே, கொத்தில் இருந்த அந்த ஜினியாப் பூவின் விதையை வாங்கி வீட்டின் பின்புறம் போட்டார்.

முதலில் போட்ட விதைகளை எறும்புகள் தூக்கிக்கொண்டு போயின. அக்கா விரட்டவில்லை. எங்கே கொண்டுபோகின்றன என்று பார்க்கக் குனிந்தபடி பின்னாலேயே போனார். பிறகுதான், தட்டில் விதைத்து, தட்டைச் செங்கல்மேல் வைத்து, செங்கலைச் சுற்றித் தண்ணீர் நிற்கவிட்டார். ஐப்பசி மழையில் நாற்று கூரைக்கடியில் இருக்கும். கார்த்திகையில் மழை விட்ட நாளில் நடுவார். மார்கழிப் பனியில் நுனியைக் கிள்ளுவார். அப்போதுதான் கிளை பிரிந்து நிறையக் காம்புகள் வரும். தையில் பூக்கும். செடி சாயாமலிருக்க, தறி வீடுகளில் கழித்த நூலை முறுக்கி, கழிகளுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார். தெருவில் போகிறவர்கள், “இன்னாக்கா, பாவு நீட்டிக்கினு இருக்கறியா? பொடவை எப்போ அறுப்பே?” என்று, தறிக்குப் பாவு நூல் நீட்டுவதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

முதல் வருடம் பூத்த பூவை, காஞ்சிபுரத்தில் மணமேடை அலங்கரிக்கும் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மல்லி பறிக்கும் பெண்கள் இருவரை வரவழைத்து, “பூவெல்லாம் பறிச்சு வைங்கம்மா” என்று சொல்லிவிட்டு அக்கா வாளி வாங்கப் போனார். திரும்பி வந்தபோது கூடை நிறையப் பூத்தலைகள். பாத்தி முழுக்க மொட்டைக் காம்புகள்.

“காம்பு எங்கம்மா?”

“காம்பு இன்னாத்துக்குக்கா? செடியிலயே வுட்டுட்டோம். எவ்ளோ சுத்தமா கிள்ளி வச்சிருக்கோம் பாரு!”

அக்கா கூடையைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார். சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூவருமாக அதையெல்லாம் தொடுத்துத் திருப்புட்குழிக் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். அர்ச்சகர் மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது என்ன புஷ்பம்மா? பெருமாளுக்குப் பழக்கமில்லையே” என்றார்.

“வாசல்ல மாட்டுங்க சாமி. போறப்ப வர்றப்ப பாத்துப் பழகட்டும்.”

மறு வருடத்திலிருந்து ‘பறி’ என்ற சொல்லையே அக்கா விட்டுவிட்டார். “காம்பு வெட்ட வாங்க” என்றுதான் அந்தப் பெண்களை அழைப்பார்.

அவர் மறைவதற்கு முந்தைய மாசியில் ஒரு செடியில் மட்டும் புதுமாதிரி ஒரு பூ. நடுவெல்லாம் மஞ்சள், ஓரம் அரக்கு. புடவையில் உடலையும் கரையையும் வேறு நிறமாக வைத்து இணைத்து நெய்வதைப் போல இருந்ததால் அதற்குக் கோர்வைப்பூ என்று பெயர் வைத்தார். அதை வெட்டவில்லை. விதைக்கு விட்டார்.

“இதோட புள்ளைங்க அம்மா ஜாடையில வருமா, அப்பன் ஜாடையில வருமா தம்பி?”

“அப்பன் யாருக்கா?”

“அது தேனீக்குத்தான் தெரியும்” என்றார் மாமா.

அந்த விதையை ஐப்பசியில் தட்டில் போட்ட பிறகுதான் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும் கேட்டது, “மொளச்சுதா?”

“ரெண்டு எலை வுட்டிருக்குதுக்கா.”

“நாலு எலை வந்தா சொல்லு.”

மறுநாள் விடியற்காலையில் மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது.

காரியங்கள் முடிந்த பிறகு கூரைக்கடியில் தட்டைப் பார்த்தேன். நான்கு இலை வந்திருந்தது.

அடைமழையில் நாற்றுகள் அடித்தண்டு அழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மகளுக்குக் காய்ச்சல் கண்டால் எப்படித் தவிப்பேனோ அப்படித் தவித்தேன். “தண்ணி ஊத்தியே கொன்னுடுவே போலிருக்குதுப்பா” என்று மகள் தட்டைப் பிடுங்கி மின்விசிறிக் காற்றில் வைத்தாள். பிழைத்தவற்றை நட்டோம். மார்கழியில் நுனி கிள்ள எனக்குக் கை வரவில்லை. அதுவரை ஒரு செடியைக்கூடத் தொட்டிராத மாமா, “நவுருப்பா” என்று சொல்லிக் கிள்ளினார்.

தையில் பூத்தது. ஒன்று ரோஸ், ஒன்று வெள்ளை, ஒன்று செங்கல் நிறம். கோர்வை இருக்குமா என்று ஒவ்வொரு மொட்டாகக் காத்திருந்தோம். கடைசி மொட்டு வரை ஒன்றுகூட வரவில்லை. என் மகள் அழுதுவிட்டாள்.

மாமா மட்டும் சிரித்தார். “வந்திருந்தா ‘சரி’ன்னுட்டுப் போயிருப்பா. வரலன்னாதான் ஏன் வரலன்னு அடுத்த வருசம் வரைக்கும் கேட்டுக்கினே இருப்பா.”

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கொட்டும் மழையில் கடைசி வரை உடன் நடந்து வந்த உறவினர்களுக்கும், அந்தப் பூக்களைக் காம்போடு வெட்டி அக்காவின் படத்தருகே தண்ணீரில் வைத்த அந்த இரண்டு பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் பொட்டலத்தில், அந்தப் பூக்களிலிருந்து எடுத்த விதை இருக்கிறது. மழை விட்டதும் போடுங்கள், எறும்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூத்தால் பறிக்காதீர்கள், காம்போடு வெட்டுங்கள். என்ன நிறம் வந்தது என்று எனக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். விடியற்காலையானாலும் பரவாயில்லை.