ஜி.எம். கெடுத்த கூட்டம்

சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்று. உள்ளே செல்போன்கள், மேலே மூடிய துண்டு. எங்கள் ஜி.எம்.மை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாளிதான். நல்ல நினைப்பு இல்லை பிள்ளைகளா, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் அவருக்குக் கார் ஓட்டினேன். தென்காசியில் முறுக்கு, மிக்சர் போடும் கம்பெனி ஒன்றுக்கு அவர் ஜெனரல் மேனேஜர். உங்கள் அம்மா அங்கே பாக்கிங்கில் இருந்தாள். சாரல் சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்து லாட்ஜ் ஹால் ஒன்றில் ஏழெட்டுக் கம்பெனிப் பெரிய ஆட்கள் அடிக்கடி கூடுவார்கள். ஆராய்ச்சிக் குழு என்று பெயர். வாத்தியார் கிடையாது, எல்லோரும் சமம். வியாபாரத்தில் புதிதாக முளைக்கிற சிக்கலை ஒருவர் சொல்வார். மற்றவர்கள் புத்திமதி சொல்லக் கூடாது. தங்கள் கம்பெனியில் பட்டதையும் வெளியே விசாரித்ததையும் மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து அருவியில் குளிக்க வேண்டும். போனை வாளியில் போட்டுவிட்டுத் துண்டோடு நிற்கிறவனுக்கு வீறாப்பு இருக்காது, உண்மை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹாலில் பேசியது ஹாலோடு. டீ ஊற்ற நான் உள்ளே நிற்பேன்.

செங்கோட்டையில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் முதலாளி ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஒருநாள் தலை துவட்டிக்கொண்டே மனசைக் கொட்டினார். கொல்லம் கடைகளுக்கு அவர் சரக்கைப் போடுகிற ஏஜெண்டு, ஆன்லைன்காரர்கள் நேரே கடைகளுக்குச் சரக்குப் போட வருவதால் பயந்துபோய் விலகப் பார்க்கிறானாம். எங்கள் ஜி.எம். அவ்வளவு பரிவாகக் கேட்டார். ஏஜெண்டின் ஊரைக்கூடக் கேட்டார். மறுவாரமே என்னைக் கொல்லத்துக்கு ஓட்டச் சொன்னார். ஏஜெண்டு எங்கள் பக்கம் வந்தான், எங்கள் கம்பெனியும் சிப்ஸ் போட ஆரம்பித்தது. திரும்பும் வழியில் சிரித்தார். “வாயத் தொறந்தவன் பாடு வே. நமக்கென்ன?”

அண்ணாச்சி சண்டைக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் குளித்தார், உட்கார்ந்தார். “எங்க கம்பெனில எல்லாம் சுகம்” என்றார். அடுத்தவரும் சுகம். சுற்றி வந்ததில் எல்லோருக்கும் சுகம். பஜ்ஜி தின்றுவிட்டுக் கலைந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஹாலில் உண்மை பேசியவர் யாருமில்லை.

பின்னொரு சாரலில் ஜி.எம்.முக்கே தேவை வந்தது. போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனி எங்கள் சரக்கு முழுவதையும் கேட்கிறது, கொடுக்கலாமா என்றார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். அண்ணாச்சி மட்டும், “நல்ல ஆட்கதான், தாராளமா குடுங்க” என்றார்.

கொடுத்தோம். விற்காத பாக்கெட்டெல்லாம் தேதி முடிகிற நேரத்தில் லாரி லாரியாகத் திரும்பி வந்தன. குடோன் முழுக்க எண்ணெய் கெட்ட சிக்கு வாடை. கம்பெனியை மூடினார்கள். ஜி.எம். சென்னையில் இதைவிடப் பெரிய நாற்காலி பிடித்துக்கொண்டார். உங்கள் அம்மா மற்றப் பெண்களோடு கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு, டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தாள்.

நான் அண்ணாச்சியிடம் வேலை கேட்டுப் போனேன். போனில் ஆர்டர் எடுக்கிற அந்த ஆட்கள் அவருக்கும் முன்பே சரக்கைத் திருப்பியவர்கள்தான் என்று அங்கேதான் தெரிந்தது.

“தெரிஞ்சும் ஏன் அண்ணாச்சி சொல்லல? எங்க கம்பெனில அம்புட்டுப் பொம்பளைய வேல பாத்தாவல்லா.”

“கேட்டது ஒங்க ஜி.எம்.லா. பொம்பளைய வந்து கேக்கலியே.” பிறகு, “நாளைக்கு வண்டி எடுக்க வாரும். வீட்டுக்காரியையும் பாக்கிங்குக்கு வரச் சொல்லும்” என்றார்.

அவரையும் நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் போனேன், வீட்டில் நீங்கள் இருந்தீர்கள்.

இந்தச் சாரலிலும் அண்ணாச்சியைக் குற்றாலத்துக்கு ஓட்டிப்போனேன். வழியெல்லாம் போனில் கெஞ்சிக்கொண்டே வந்தார். கேரளத்துப் பெரிய கடைக்காரர்கள் சொந்தப் பெயரில் சிப்ஸ் போடுகிறார்களாம், ஆர்டர் பாதியாகிவிட்டதாம். ஹாலில் அவர் முறை வந்தது. கேட்டிருந்தால் வழி தெரிந்தவர் ஒருவராவது அங்கே இருந்திருக்கலாம். அவர் தலையைத் துவட்டி முடித்துவிட்டு, எல்லாம் சுகம் என்றார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் செங்கோட்டையில் உங்கள் அம்மா சிப்ஸ் பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தாள்.