சானமாவு ஏற்றத்தில் எட்டுப் பேர்

நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடையில் எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு ஆரம்பமானது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் அப்போது எட்டுப் பேர் இருந்தோம். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகளான அண்ணனும் அக்காவும் ஒரு பக்கம். அப்பா, அம்மா, நான், தம்பி ஒரு பக்கம். ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று இப்போதுதான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எந்த அறையில் தூக்கம் வருகிறதோ அங்கே படுத்துக்கொள்வேன்.

பெரியப்பா கியர் வெட்டும் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ். அப்பா பம்பு செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவு. வீட்டில் இருந்தவை இரண்டு பைக்குகள். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம் என்றால் பாதிப் பேர் பைக்கிலும் மீதிப் பேர் பஸ்ஸிலும் போய்ச் சேர்வதற்குள் பந்தியே முடிந்துவிடும். அதனால் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து ஒரு கார் வாங்குவது என்று முடிவாயிற்று.

காரைக் கண்டுபிடித்தது பெரியப்பா. கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் பழைய வண்டிகள் விற்கும் ஒருவரிடம் அது நின்றிருந்தது. வெள்ளி நிறம், கர்நாடகா நம்பர், டீசல் வண்டி. படகு போல நீளம். டிக்கியைத் திறந்தால் தம்பி உள்ளே படுத்துப் புரளலாம். அப்பாவுக்கும் வண்டி பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள முடியாது. வீட்டுக்கு மிக்சி வந்தபோதே மூன்று நாள் ஆராய்ந்தவர்.

"உடம்பு பெருசா இருக்குதுண்ணா. இன்ஜின் சின்னது. சின்ன காருக்கு வெக்கிற இன்ஜின்தான் இதுக்கும் வெச்சிருக்கறான். எட்டுப் பேர ஏத்தனா ஏத்தத்துல திணறும்."

"சி.சி.ய மட்டும் பாக்காதடா. டார்க்க பாரு. டீசல் வண்டி, கீழயே இழுவை இருக்கும்."

ஒரு வாரம் இதே பேச்சு. டார்க் என்பது வண்டி கிளம்பும்போது கிடைக்கும் இழுவை என்று அண்ணன் எனக்கு விளக்கினான். அவனுக்கும் அதற்கு மேல் தெரியாது. சாப்பிடும்போது பெரியப்பா தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். அப்பா சோற்றைப் பிசைந்தபடி தலையை ஆட்டுவார், ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை. அம்மாவும் பெரியம்மாவும் இதில் தலையிடவில்லை. அந்த நாட்களில் அவர்கள் பொதுவாகவே அதிகம் பேசிக்கொள்வதில்லை. சமையலறைக்குள் இரண்டாவதாக ஒரு குக்கர் வந்திருந்தது. எட்டுப் பேருக்கு ஒரு குக்கர் போதாதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஏற்றிப் பார்த்துவிடுவது என்று அப்பா சொன்னார். ராயக்கோட்டை சாலையில் சானமாவுக் காட்டுக்குள் ஓர் ஏற்றம் வரும். பாரம் ஏற்றிய லாரிகள் அங்கே முக்கி முனகி ஏறுவதை அவர் பார்த்திருக்கிறார். கார்க்காரர் அப்பாவின் பைக்கைத் தன் கடையில் நிறுத்திக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

"ஏனு பிராப்ளம் இல்லா சார். ஃபுல் ஃபேமிலி, ஃபுல் ஏசி. சும்மா ஜம்முனு போவும்."

பெரியப்பா ஓட்டினார். அப்பா பக்கத்தில், மடியில் தம்பி. பின்னால் பெரியம்மா ஒரு ஓரம், அம்மா ஒரு ஓரம், நடுவில் அக்காவும் அண்ணனும். நான் பெரியம்மாவின் மடியில். போலீஸ் நின்றால் குனிந்துகொள்ளும்படி எனக்கும் அண்ணனுக்கும் உத்தரவு. போலீஸ் இல்லாத இடத்திலும் நாங்கள் குனிந்து குனிந்து எழுந்தோம்.

ஓசூரைத் தாண்டும் வரை எல்லோருக்கும் சந்தோஷம்தான். காட்டுக்குள் ஏற்றம் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வனத்துறை ஆள் ஒருவர் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து சொல்லிக்கொண்டு வந்தார்.

"யானைங்க தாண்டுது. இன்ஜின ஆஃப் பண்ணுங்க. கண்ணாடிய ஏத்திக்குங்க. யாரும் எறங்காதீங்க."

இன்ஜினை அணைத்ததும் ஏசியும் நின்றது. எங்களுக்கு நேர் முன்னால் கிரானைட் கல் ஏற்றிய லாரி. அதன் பின்பக்கத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. வாலைப் பார்த்துவிட்டதாக அண்ணன் சொன்னான். நான் பெரியம்மாவின் மடியிலிருந்து எம்பி எம்பிப் பார்த்தேன். மூடிய காருக்குள் வெக்கை ஏறிக்கொண்டே போனது. தம்பி சிணுங்க ஆரம்பித்தான்.

அப்பா மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நின்ன எடத்துல இருந்து ஏத்தணும் இப்ப. எட்டுப் பேரோட. கஷ்டம்ண்ணா."

பெரியப்பா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் வியர்த்திருந்தது.

"எட்டுப் பேரு, எட்டுப் பேருன்னு அதையே சொல்றியே. எட்டுப் பேருமா எப்பவும் ஒண்ணா போகப் போறோம்?"

சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா தம்பியை இன்னொரு தொடைக்கு மாற்றினார். அம்மா, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கேட்டாள்.

"அப்ப யாரு எறங்கிக்கணும்க்கா?"

பெரியம்மாவிடம்தான் கேட்டாள். என் இடுப்பைச் சுற்றியிருந்த பெரியம்மாவின் கை அப்படியே இறுகியது. எனக்கு வலித்தது. நான் யானை பார்க்க எம்பியதற்காகத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்து ஒழுங்காக உட்கார்ந்தேன். பெரியப்பா கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். அக்கா, என்னைவிட ஆறு வயது பெரியவள், தன் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

பிறகு லாரி உறுமியது. யானைகள் போய்விட்டிருந்தன. பெரியப்பா இன்ஜினைப் போட்டு, கைபிரேக்கை விட்டார். வண்டி ஒரு முழம் பின்னால் போனது. பின்னால் நின்ற வேன்காரர் ஹாரன் அடித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெரியப்பா மறுபடி மிதித்தார். ஏதோ கருகும் வாசனை வந்தது. வண்டி ஒருமுறை குலுங்கி, முன்னால் நகர்ந்தது. மெதுவாக, லாரிக்குப் பின்னாலேயே, ஒரே சத்தத்தில் ஏறியது. எங்கும் நிற்கவில்லை. மேடு முடிந்து சாலை சமமானபோது நானும் அண்ணனும் கைதட்டினோம்.

"ஏறிடுச்சில்ல?" என்றார் பெரியப்பா.

"ஏறிடுச்சி," என்றார் அப்பா.

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்துவதாக இருந்தது. நிறுத்தவில்லை. நான் கேட்டதற்கு அம்மா, வீட்டில் போய்க் குடிக்கலாம் என்றாள். ஜூஜுவாடியில் கார்க்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"எப்படி சார் வண்டி?"

அப்பா சாவியை அவர் கையில் கொடுத்தார். "இழுவை பத்தலைங்க."

பெரியப்பா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வாரமாகத் தட்டில் கோடு போட்டவர் அல்லவா. அவர் வண்டியின் முன்பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

"ஆமா, பத்தாது," என்றார்.

"ஏறுச்சில்லப்பா, நல்லாதான ஏறுச்சி?" என்று நான் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பெரியவர்களுக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பதினான்கு வயது.

பள்ளி திறப்பதற்குள் பெரியப்பா ஒரு சின்ன சிவப்புக் கார் வாங்கினார். தீபாவளி நெருக்கத்தில் அப்பாவும் ஒன்று வாங்கினார். அதுவும் சின்னதுதான், நான்கு பேருக்குத் தாராளமாக இருந்தது. இரண்டுமே எந்த மேட்டிலும் திணறியதில்லை. பெரியப்பா குடும்பம் அதற்கு முன்பே பாகலூர் சாலைப் பக்கம் வீடு பார்த்துப் போயிருந்தது. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் பக்கம் என்று எங்களுக்குக் காரணம் சொன்னார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

வகுப்பில் எங்கள் வீட்டில் இரண்டு கார் என்று எல்லோரிடமும் சொன்னேன். பக்கத்தில் உட்காரும் பெண் நம்பவில்லை.

"ரெண்டு காரும் உங்கூட்டு முன்னாடியே நிக்குமா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒண்ணு அங்க நிக்கும், ஒண்ணு இங்க நிக்கும்," என்றேன், அது இன்னும் பெரிய வசதி என்பது போல.