ஹாலுக்குள் கேட்ட 'வேண்டா'

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு நடுவே உள்ள ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை எனக்கு. அந்த வாரம் முழு விடுதியையும் ஒரு தியானக் கூட்டத்தார் எடுத்திருந்தார்கள். உடம்பின் ஆசையும் கடவுள் தந்ததுதான், அதுவும் ஒரு வழிபாடு என்று சொல்கிற கூட்டமாம். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேர்.

"அந்த ஹால் பக்கம் மட்டும் எட்டிப் பாக்காத, கேட்டியா" என்றார் மேனேஜர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் போகிறவள் நான். ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பெருக்கினேன்.

மூன்றாம் நாள் காலை, வராந்தாவில் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். ஹாலுக்குள் ஒரு ஆண் ஏதோ கேட்டான். ஒரு பெண் "வேண்டா" என்றாள். மறுபடியும் சத்தமாக "வேண்டா". பிறகு அலறல். மேனேஜரும் டவுனுக்குப் போயிருந்தார். ஓடிப்போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. எப்படியோ துடைப்பத்தோடு போய்க் கதவைத் தள்ளினேன்.

உள்ளே எல்லோரும் ஒழுங்காக உடுத்தி, இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் "கையைப் பிடிக்கலாமா?" என்று கேட்கிறார். மற்றவர் "வேண்டா" என்கிறார். கேட்டவர் நன்றி சொல்லிக் கையை எடுத்துக்கொள்கிறார். அன்றைய பாடமே அதுதானாம். சொல்ல வராதவர்களை அலறியே சொல்ல வைப்பார்களாம்; எனக்குக் கேட்ட அலறல் அதுதான். துடைப்பத்தை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பாடம் நடத்திய மலையாளத்து அம்மா சிரிக்கவில்லை. "பேடிக்க வேண்டா சேச்சி, பயப்படாதீங்க. நீங்க காப்பாத்தத்தானே ஓடி வந்தது?" என்று பக்கத்தில் உட்கார வைத்தார். "நீங்களும் ஒருக்கா சொல்லிப் பாருங்க. உங்க கையைப் பிடிக்கட்டுமா?"

எனக்கு விருப்பமில்லை. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கையை நீட்டிவிட்டேன். அப்போது வந்த பயம் கதவைத் தள்ளியபோதுகூட வரவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில், உடம்புக்கு முடியாத நாளில்கூட அந்த ஒரு சொல்லை என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதே இல்லை என்பது அங்கே வைத்துத்தான் உறைத்தது.

அந்த அம்மா என் கையைத் தொடவில்லை. "முகத்துல எழுதியிருக்கே, வேண்டாம்னு" என்றார்.

வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல இன்னும் இரண்டு மாதம் ஆனது. ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் வந்தபோது விலகிப் படுத்தேன். "என்ன, காய்ச்சலா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். "காய்ச்சல் இல்ல. இன்னைக்கு வேண்டாம்" என்றேன். அடி விழுமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

யாரோ ஒருத்தியைக் காப்பாற்றப் போகிறோம் என்று நினைத்துத்தான் அன்று அந்தக் கதவைத் தள்ளினேன்; இன்றும் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் நடுங்குகிறது, ஆனால் வெளியே வந்துவிடுகிறது.