ஃப்ரெண்டுக்குக் காளான்

"...காரம் கம்மியாத்தான் போட்டிருக்கேன். மாத்திரை கீத்திரை சாப்பிடுறவரோ என்னவோ. சூடு ஆறுறதுக்குள்ள உங்க ஃப்ரெண்டுகிட்ட குடுத்துடுங்க" என்று என் மனைவி எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள். உள்ளே காளான் மசாலா.

வாங்கிக்கொண்டேன்.

பேச்சுதான் என் பிழைப்பு. படப்பைப் பக்கம் மனை பார்த்துக் கொடுக்கும் புரோக்கர் நான். யார் எதை அழகாகச் சொன்னாலும் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, பேட்டரிலாம் கீது, வண்டிதான் ஸ்டார்ட்டாவல போல?" என்றான். சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சில மாதங்களாகவே அப்படித்தான். எழுந்து பல் துலக்குவதே பெரும்பாடு.

மனச்சோர்வு என்று ஃபோனில் தேடப் போய், ஒருவகைக் காளானிலிருந்து எடுக்கும் மருந்தைப் பற்றிய வீடியோக்களில் விழுந்தேன். வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கிறதாம். மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் வேகம் இறங்கும்வரை ஒருவர் கூடவே உட்கார்ந்திருப்பாராம். மருந்தைவிட, அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பதில்தான் எனக்கு ஆசை.

வீடியோ சத்தம் கேட்டு, "யாருக்கு இதெல்லாம்?" என்று மனைவி கேட்டபோது, "ஒரு ஃப்ரெண்டுக்கு" என்றேன். சேலையூரில் மனநல மருத்துவரிடமும் அதே பொய்.

"அது இன்னும் ஆராய்ச்சியிலதான் சார் இருக்கு. தானா வாங்கிச் சாப்பிடுறது ஆபத்து. ஆனா இதுக்கு வேற நல்ல ட்ரீட்மென்ட் இருக்கு, ஃப்ரெண்டை வரச் சொல்லுங்க" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "நீங்களேகூட வரலாம்" என்றார். காது சுட, படியிறங்கிவிட்டேன்.

வீடியோவில் காளான் காளான் என்று காதில் விழுந்ததை வைத்து, என் மனைவி இன்று ராஜகீழ்ப்பாக்கம் போய்க் கடையில் காளான் வாங்கி வந்து, முகம் தெரியாத ஒருவருக்காக அடுப்படியில் நின்றிருக்கிறாள்.

"கல்யாணம் ஆனவரா? வீட்ல யார்கிட்டயாவது சொன்னாரா?"

"சொல்லல. வெக்கமாம்."

"பொண்டாட்டிகிட்ட என்னங்க வெக்கம்? நல்ல ஆளு!"

செருப்பை மாட்டினேன். கழற்றினேன். டப்பா கையில் சுட்டது.

"அது நான்தான்" என்றேன், தரையைப் பார்த்து.

அவள் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிப் போய், மசாலாவை மறுபடி வாணலியில் கொட்டி, எனக்குப் பிடித்த அளவுக்கு மிளகுத்தூள் தூவிக் கிளற ஆரம்பித்தாள்.