இரண்டு விரல் சாய்வு

நான் பள்ளிக்கூடத்துக்குள் போனதே அதற்குச் சுற்றுச்சுவர் கட்டத்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் கட்டும் வேலையில் தூண்களுக்குப் பலகை அடைத்துக்கொண்டிருந்தேன். கீழே வண்டி நிறுத்த இடம் விட்டிருந்தார்கள். அதனால் சுவர் கிடையாது, வெறும் தூண்கள்.

காங்கிரீட் கொட்டும்போது பலகையைத் தாங்கும் முட்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன், டீ குடிக்கப் போனேன். ஒரு முட்டு நழுவி, ரோட்டோரத் தூண் இரண்டு விரல் சாய்ந்தபடியே இறுகிவிட்டது. பலகையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. சொன்னால் தூணை இடிப்பார்கள், என்னையும் துரத்துவார்கள். "பொத்தல் விழுந்திருக்குண்ணே, அடைச்சிடறேன்" என்று மேஸ்திரியிடம் சொல்லி, சாய்ந்த பக்கம் அடியிலும் எதிர்ப்பக்கம் தலையிலும் கலவையைக் கூட்டிப் பூசினேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகவில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

இரண்டு மாடி எழும்பியதும் முதலாளி மூன்றாவதும் கேட்டார். தூண்கள் தாங்குமா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து இஞ்சினியர் வந்தார். முதலாளிக்கு விளங்கவைக்க என் தலையில் ஒரு சிமெண்ட் மூட்டையை ஏற்றினார்.

"நேரா நிக்கிற வரைக்கும் பாரம் காலுக்குள்ள எறங்கும். இப்ப கொஞ்சம் சாயுப்பா."

சாய்ந்தேன். மூட்டையே என்னை இன்னும் சாய்த்தது. சாயச் சாய ஜாஸ்தியாக இழுத்தது. மணலில் விழுந்தேன்.

"பூகம்பம் வந்தா அது மட்டும் தள்றதில்லைங்க," என்றார் இஞ்சினியர் முதலாளியிடம். "தூணு நகந்துட்டா, மேல இருக்கிற எடையும் சேந்து தள்ளும். அதையும் கணக்குல சேக்கணும்."

"இந்த ஊர்ல பூமி எங்கங்க ஆடப்போவுது?"

"பூமி ஆடலைன்னாலும் இவன் ஆடுவாங்க," என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

இஞ்சினியர் ஒவ்வொரு தூணுக்கும் குண்டு விட்டார். ரோட்டோரத் தூணுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"பூச்சுக்கு உள்ளயும் நேராத்தான் இருக்குதா? சாஞ்சிருந்தா சொல்லிடு, மூணாவது மாடி வேணாம்."

"நேராத்தான் இருக்குது, சார்."

மூன்றாவது மாடி வந்தது. பூமி ஆடவில்லை. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மலை சுற்ற வருகிறவர்கள் அறைக்குப் பத்துப் பேராக அடைந்துகொண்டார்கள்.

ஒரு பௌர்ணமி மத்தியானம் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் தங்கை பிள்ளைகளோடு வந்தாள்.

"நீ கட்டுன லாட்ஜிலயே ரூம் போட்டிருக்கோம்ணா. மூணாவது மாடி."

"அங்க மூட்டைப்பூச்சி ஜாஸ்தி. வீட்டுக்கு வா."

"உன் வீட்ல கம்மியா?" என்றாள். ஆனாலும் வந்தாள்.

லாட்ஜ் அறையிலிருந்து அவள் பையை எடுத்துவர நான்தான் மேலே போனேன். இறங்கும்போது மூன்றாவது மாடி அறைச் சாவியோடு ஒரு குடும்பம் எதிரே ஏறி வந்தது. தூக்கத்தில் இருந்த குழந்தையோடு அந்த அம்மா போக, சுவரோடு ஒட்டி வழி விட்டேன்.